மரபணுச் சிகிச்சைக்கு முன் எதிர்ப்பொருள் பரிசோதனை எதற்கு?

இரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோயான ஹீமோஃபிலியா பி உள்ள உங்கள் தம்பிக்கு மரபணுச் சிகிச்சை பொருந்துமா என்று பார்க்க, மருத்துவர் முதலில் எதிர்ப்பொருள் (கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) பரிசோதனை செய்யச் சொன்னதாகவும், 'இருக்கிறது' என்று முடிவு வந்தால் வாய்ப்பே போய்விடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லன். இங்கே சிங்கப்பூரில் என் அக்கா மகனுக்கும் இதே நோய் என்பதால், சில ஆண்டுகளாக இதைப் படித்தும் கேட்டும் வருகிறேன்.

இச்சிகிச்சையில், இந்நோயாளிகளுக்குக் குறைவாக இருக்கும் உறைவுப் புரதமான உறைவுக் காரணி 9-ஐ உருவாக்கும் மரபணுவை ஏஏவி எனும் வைரஸின் புரத உறைக்குள் வைத்து, இரத்த நாளம் வழியாகக் கல்லீரலுக்கு அனுப்புகிறார்கள். ஏஏவி நோய் எதையும் உண்டாக்காத, இயற்கையிலேயே பரவியிருக்கும் வைரஸ் என்பதால், நம்மில் பலருக்குச் சிறு வயதிலேயே நமக்குத் தெரியாமல் அது தொற்றியிருக்கும். அப்போது உருவான எதிர்ப்பொருள்கள், மருந்தாக வரும் வைரஸையும் பழைய எதிரியாகவே கருதி, கல்லீரலைச் சேருமுன் இரத்தத்திலேயே முடக்கிவிடக்கூடும். அமெரிக்காவில் ஒரு முறைக்கு 35 லட்சம் டாலர் விலை வைத்த மருந்து வீணாவதற்கு அது போதும்.

ஆனால் 'இருக்கிறது' என்பதோடு முடிவு செய்துவிட முடியாது. எவ்வளவு இருக்கிறது என்பதே கேள்வி. 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, ஏஏவி5 வகையைப் பயன்படுத்தும் ஹீமோஃபிலியா பி மரபணு மருந்தான ஹெம்ஜெனிக்ஸின் முக்கிய ஆய்வில் மருந்து பெற்ற 54 ஆண்களில் 21 பேருக்கு எதிர்ப்பொருள் முன்பே இருந்தது. அவர்களில் 678 வரை அளவு (இரத்தத்தை எத்தனை மடங்கு நீர்த்த பின்னும் எதிர்ப்பொருள் செயல்படுகிறது என்பதைக் காட்டும் எண்) இருந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. 3,212 இருந்த ஒருவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. ஹீமோஃபிலியா ஏ என்ற மற்றொரு வகை நோய்க்கான மரபணு மருந்து ராக்டேவியனும் அதே ஏஏவி5 வகையைத்தான் பயன்படுத்துகிறது என்றாலும், எதிர்ப்பொருள் தென்பட்டாலே அதைக் கொடுப்பதில்லை. ஆகவே ஒரு மருந்தின் விதியை வைத்து மற்றொன்றைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம்.

மருந்து கல்லீரலைச் சேர்ந்த பிறகும் தடை உண்டு. சில வாரங்களில் டி அணுக்கள் எனும் நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்த உறையின் எச்சத்தை அடையாளம் கண்டு, கல்லீரல் அணுக்களையே தாக்கலாம். அதனால்தான் முதல் மூன்று மாதங்களாவது வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை செய்து, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் கல்லீரல் நொதி உயர்ந்தால் ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். மருந்து ஏற்றும் ஒரு நாளைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள்; என்னைக் கேட்டால், வேலைக்குப் போகும் இளைஞருக்கு இந்த மாதங்கள்தாம் கடினமானவை.

மேலும், ஒரு முறை பெற்ற பின் எதிர்ப்பொருள் மிக அதிகமாகி ஆண்டுக்கணக்கில் நீடிப்பதால், அதே வகை மருந்தை இப்போதைக்கு மீண்டும் பெற இயலாது. மருத்துவரிடம் அளவை எண்ணாகவே கேளுங்கள். எந்த ஏஏவி வகைக்கு, எந்த ஆய்வக முறையில் எடுத்தது என்பதையும் கேளுங்கள். முறை மாறினால் எண்களை ஒப்பிட முடியாது.