புது இழைப்புளி சீவவில்லையா? பிளேடைக் கவனியுங்கள்

கேள்வி: புதிதாக 4-ஆம் எண் இரும்பு இழைப்புளி வாங்கினேன். தேக்குப் பலகையில் ஓட்டினால் சுருள் வராமல் தூளாக உதிர்கிறது. நடுநடுவே துள்ளுகிறது, சிராய் பெயர்கிறது. சாணை பிடித்தும் பயனில்லை. வேறு வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். விலை குறைந்த புது இழைப்புளிகளின் பிளேடுக்குப் பெரும்பாலும் சாய்வு மட்டும்தான் பிடித்திருக்கும். கூர் ஏற்றுவது வாங்கியவர் வேலை.

முதலில் பிளேடின் முனையில் நீல நிறம் பாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாய்ந்திருந்தால், சாணைச் சக்கரத்தின் சூட்டில் அந்த இடம் பதம் இழந்துவிட்டது. அங்கே கூர் நிற்காது. அடிக்கடி தண்ணீரில் நனைத்து, நீலம் போகும்வரை தேய்த்துக் கழியுங்கள்.

அடுத்து, சாய்வு இல்லாத தட்டைப் பக்கம். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் சந்திக்கும் கோடுதான் கூர். ஒரு பக்கம் கீறலாக இருந்தால் கூரும் பல் பல்லாகத்தான் இருக்கும். அதைத் தீட்டுக்கல்லில் படுக்க வைத்துத் தேயுங்கள்; முனையை ஒட்டி ஒரு சென்டிமீட்டர் சமமாகி மின்னினால் போதும். கல் இல்லையென்றால் தடித்த கண்ணாடிமேல் வாட்டர் பேப்பர் ஒட்டித் தேய்க்கலாம். ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால் மறுபடி இவ்வளவு பாடு இல்லை.

அப்புறம் சாய்வு. அடிச்சாய்வு 25 டிகிரி, முனையில் மட்டும் 30 டிகிரி. பிளேடை ஒரே கோணத்தில் பிடித்துக் கல்லில் உருளும், பக்கவாட்டில் இறுக்கும் சாதாரண உருளை கைடு வைத்திருந்தால், அதிலிருந்து பிளேடு 38 மில்லிமீட்டர் வெளியே நீட்டியிருந்தால் 30 டிகிரி வரும். சாய்வில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, 1000-ஆம் எண் கல்லில் நாலு இழு இழுங்கள். மை முனையில் அழியாவிட்டால் நீங்கள் கூரைத் தொடவே இல்லை. விடாமல் தேய்த்தால் தட்டைப் பக்கத்தில் மெல்லிய பிசிர் எழும்பும். கட்டைவிரலைத் தட்டைப் பக்கத்திலிருந்து முனைக்கு வெளியே தடவிப் பாருங்கள், லேசாக இடறும். ஓரத்திலிருந்து ஓரம்வரை அந்த இடறல் தெரியும்வரை அடுத்த கல்லுக்குப் போகாதீர்கள். தீட்டியும் வெட்டவில்லை என்பவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். பிறகு இன்னும் நுண்ணிய 6000-ஆம் எண் கல்லில் சாய்வைச் சில இழுப்பு, தட்டைப் பக்கத்தைப் படுக்க வைத்துச் சில இழுப்பு என மாற்றி மாற்றித் தேய்த்தால் பிசிர் உதிர்ந்துவிடும்.

பிளேடின்மேல் திருகியிருக்கும் இரும்புத் தகடான கேப் அயர்னைப் பிளேடோடு சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒளி கசிந்தால் சுருள் அங்கே சிக்கும். கேப் அயர்னின் விளிம்பைத் தேய்த்துச் சமமாக்குங்கள். சாதாரண வேலைக்கு அதை முனையிலிருந்து ஒரு மில்லிமீட்டர் பின்னால் வையுங்கள். சிராய் பெயர்ந்தால் முனைக்கு அரை மில்லிமீட்டரைவிட நெருக்கமாகக் கொண்டுவாருங்கள். பலகையைத் திருப்பிப் போட்டு எதிர்த்திசையில் சீவியும் பாருங்கள்.

துள்ளலுக்கு இரண்டு காரணங்கள்: பிளேடு அதிகம் வெளியே இருக்கும், அல்லது உள்ளே திருகுகள் தளர்ந்திருக்கும். திருகுகளை இறுக்கிவிட்டு, பிளேடை முழுவதும் உள்ளே இழுத்து, ஓட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுங்கள். இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் சுருள் ஒரே கனத்தில் வரும்வரை பக்கவாட்டு லீவரைத் தட்டுங்கள்.

அடிப்பாகத்தைத் தேய்க்க இப்போது அவசரம் இல்லை, மெழுகுவத்தி தடவினால் போதும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் கூர் சீக்கிரம் மழுங்கும். தள்ளக் கை கனக்கத் தொடங்கியதுமே 6000-ஆம் எண் கல்லுக்குத் திரும்புங்கள்; அந்த நிலையில் இரண்டு நிமிட வேலைதான்.