வலையில் மாட்டிய ராக்கெட்

வணக்கம் ஐயா. விடுமுறைக்குக் குடும்பத்தோடு திருவனந்தபுரம் போகிறோம். வேளியில் படகுச் சவாரி என்பது முடிவாகிவிட்டது. பக்கத்திலேயே தும்பா விண்வெளி அருங்காட்சியகம், அதையும் பார்த்தே ஆகவேண்டும் என்கிறான் எட்டாவது படிக்கும் மகன். காலமெல்லாம் கடலுக்குப் போன என் அப்பாவோ, "ராக்கெட் பாக்க அவ்ளோ தூரம் எதுக்குடா, நம்ம ஆளுங்க வலையிலயே வந்து மாட்டுதே" என்கிறார். அரை நாள் ஒதுக்கலாமா?
வாசகர், கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாக ஒதுக்கலாம். அப்பாவையும் கூட்டிப் போங்கள், அவர் சொன்னது வெறும் கிண்டல் இல்லை. 2019 டிசம்பரில் எங்கள் புதுச்சேரி வம்பாகீரப்பாளையம் மீனவர்கள் கரைக்கு இழுத்து வந்தது பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் பக்கவாட்டு மோட்டார். நமக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும்போது அதில் 12 டன் திட எரிபொருள் இருக்கும். ஓரிரு நிமிடத்தில் எரிந்து தீர்ந்ததும் வெற்றுக் குழாய் கழன்று வங்கக்கடலில் விழுந்துவிடும். வாடைக் காலத்தில் நீரோட்டம் தெற்கே இழுக்கும் என்பதை அப்பாவுக்கு நானா சொல்ல வேண்டும்!

தும்பாவுக்கு வருவோம். அந்த அருங்காட்சியகம் இருப்பதே ஒரு பழைய தேவாலயத்தில்தான், மகதலேனா மரியாள் கோயில். பூமியின் காந்த நடுக்கோடு அந்த ஊரை ஒட்டிப் போகிறது. அதற்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் பாய்கிறது. அதை ராக்கெட் விட்டு ஆராய அந்தக் கரைதான் வேண்டும் என்று இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய விஞ்ஞானி விக்ரம் சாராபாய் கேட்க, ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா ஊர் மக்களிடம் பேசினார். மீனவக் குடும்பங்கள் கோயிலையும் வீடுகளையும் விட்டுக்கொடுத்து வேறிடம் போயின. பையனுக்கு மாதிரி ராக்கெட்டுகள் போதும். நீங்கள் கொஞ்ச நேரம் அந்தக் கட்டடத்தைப் பாருங்கள். இந்திய விண்வெளிக் கதையில் எனக்கு ரொம்பப் பெரியதாகத் தெரிவது இந்த இடம்பெயர்வுதான். ஏனோ அது எப்போதும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

1963 நவம்பர் 21 மாலை அங்கிருந்து முதல் ராக்கெட் போனது. ராக்கெட் அமெரிக்காவின் நைக்கி அப்பாச்சி, அது சுமந்துபோன சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸ் தந்தது. சட்டப்படி புதுச்சேரியை இந்தியாவிடம் பிரான்ஸ் ஒப்படைத்தது அதற்கு முந்தைய ஆண்டுதான். புதுச்சேரிக்காரனுக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் போகுமா? அந்த ஆவி வானில் செம்மஞ்சள் மேகமாகப் பரவியதைத்தான் மேல்காற்றின் போக்கு தெரியப் படம் பிடித்தார்கள். உள்நாட்டிலேயே செய்த முதல் ராக்கெட், ரோகிணி 75, போனது 1967-இல். அதன் விட்டம் வெறும் 75 மில்லிமீட்டர். வம்பாகீரப்பாளையத்தில் கிடந்த குழாயின் விட்டம் ஒரு மீட்டர். மகனிடம் இந்த இரண்டு கணக்கையும் சொல்லிவிட்டு உள்ளே அனுப்புங்கள்.

காலையில் அருங்காட்சியகம், வெயில் தாழ்ந்ததும் படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையை மறக்க வேண்டாம். திறந்திருக்கும் நாளையும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.