வாரன் பஃபெட் அல்லாமல், சாமானியர் பின்பற்றக்கூடிய முதலீட்டாளர் யார்?

என் பதில், வால்டர் ஷ்லாஸ். பஃபெட்டைப் படித்துவிட்டுச் சந்தைக்கு வருகிறவர்கள், தாமும் ஒரு தொழிலின் இருபதாண்டு எதிர்காலத்தைக் கணித்துவிடலாம் என்று நம்புகிறார்கள். அந்தக் கூர்மை நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? தமக்கு அது இல்லை என்று முதலிலேயே முடிவுகட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கியவர் ஷ்லாஸ்.

1916-இல் பிறந்தவர், கல்லூரி வாசலை மிதித்ததில்லை. வால் ஸ்ட்ரீட்டில் எடுபிடியாகச் சேர்ந்து, மாலை வகுப்பில் பஃபெட்டுக்கும் குருவான பெஞ்சமின் கிரஹாமிடம் பாடம் கேட்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவரிடமே வேலை பார்த்தார். 1955-இல் 19 பேர் தந்த ஒரு லட்சம் டாலருடன் தனியாகத் தொழில் தொடங்கினார்.

வேறொரு நிறுவனத்தின் அலுவலகத்துக்குள் சிறிய அறை. கணினி இல்லை, ஆய்வாளர்கள் இல்லை. 1973-இல் மகன் எட்வின் வந்து சேர்ந்தார், அவ்வளவுதான். மேசையில் ஆண்டறிக்கைகளும், நிறுவனங்களின் புள்ளிவிவரங்களைத் தரும் வேல்யூ லைன் தொகுப்பும் கிடக்கும். நிறுவன நிர்வாகிகளைத் தேடிப்போய்ப் பேசுவதில் அவருக்கு நாட்டமே இல்லை. ஆளை எடைபோடும் சாமர்த்தியம் தமக்குப் போதாது என்பது அவர் எண்ணம். சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பு இனிக்க இனிக்கப் பேசாது அல்லவா!

யாரும் சீந்தாமல் அடிமாட்டு விலைக்கு வந்துவிட்ட பங்குகள்தான் அவர் குறி. விலை புத்தக மதிப்புக்கு, அதாவது சொத்தில் கடனைக் கழித்தபின் ஒரு பங்குக்கு மிஞ்சும் தொகைக்கு, கீழே இருக்க வேண்டும். முக்கியமாக, கடன் குறைவாக இருக்க வேண்டும். முதலில் கொஞ்சம் வாங்குவார், இன்னும் சரிந்தால் மேலும் வாங்குவார். எது தேறும் என்று முன்கூட்டியே தெரியாததால் நூற்றுக்கும் மேற்பட்ட பங்குகளை வைத்திருந்தார். பஃபெட்டுக்கு இது ஒத்துவராத வழி. ஆனாலும் 1984-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேசியபோது ஷ்லாஸின் கணக்கை அவரே எடுத்துக்காட்டினார்: சுமார் 28 ஆண்டுகளில், பணம் போட்ட கூட்டாளிகளுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 16.1 சதவீதம், அமெரிக்கப் பங்குச் சந்தையின் போக்கைக் காட்டும் எஸ் அண்டு பி குறியீடு தந்தது 8.4. இரண்டு மடங்குதானே என்று தோன்றும். ஆனால் அத்தனை ஆண்டுகள் குட்டிபோட்டு வளர்ந்ததில், 100 டாலர் குறியீட்டில் 1,000-ஐக்கூட எட்டாதபோது இவரிடம் 6,700-ஐத் தாண்டியது.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது அவருடைய கூலி. நிர்வாகக் கட்டணம் வாங்கவில்லை. லாபத்தில் கால் பங்கு மட்டும். இன்று நமக்கு நிதித் திட்டம் விற்க வருகிறவர்களிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள், முகம் எப்படிப் போகிறது என்று தெரியும்.

குறைகளும் உண்டு. நன்றாக ஏறும் பங்குகளைச் சீக்கிரமே விற்றுவிடுவார். மலிவாகக் கிடக்கும் நிறுவனத்தை வேறொருவர் விலைபேசி வாங்குவதும் அவருக்குக் கைகொடுத்தது. நிறுவனர் குடும்பத்திடமே பெரும்பான்மைப் பங்குகள் இருக்கும் இந்திய நிறுவனங்களில் அதை எதிர்பார்த்துக் காத்திருக்க முடியாது. அதனால் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது கடன் விஷயத்தை மட்டும்தான். ஆண்டறிக்கையில் தலைவர் உரையைத் தள்ளிவிட்டுக் கடன் விவரத்துக்குத்தான் முதலில் போகிறேன். அங்கே உறுத்தினால் மிச்சத்தைப் படிப்பதில்லை.