‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரை முதலிலிருந்து மறுபடி எடுத்து 2003-இல் வந்த ரீபூட்டை உண்மையான கலாக்டிகாவாகக் கணக்கில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். சேர்க்காமல் விட்டால் பழைய தொடருக்குத்தான் நஷ்டம் என்பேன்.

இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்றால், புதிய தொடரை ராத்திரி பகலாக உட்கார்ந்து பார்த்து முடித்துவிட்டு, ஆசையாக யாரிடமோ பேசப் போயிருக்கிறீர்கள். அவர் பழைய தொடரின் ரசிகர். “அது கலாக்டிகாவே இல்லை” என்று ஒரே வரியில் உங்கள் வாயை அடைத்துவிட்டார். எனக்கும் இதேதான் நடந்தது. எனக்கு அதைச் சொன்னவர் என் பெரியப்பா. அதனால் பதில் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கிளென் லார்சன் உருவாக்கிய முதல் கலாக்டிகா 1978 செப்டம்பரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. பன்னிரண்டு உலகங்களில் வாழ்ந்த மனிதர்களைச் சைலான் என்ற இயந்திரப் படை அழித்துவிடுகிறது. மிஞ்சியவர்கள் கைக்குக் கிடைத்த கப்பல்களில் ஏறிக்கொண்டு, தளபதி அடாமாவின் கலாக்டிகா என்ற ஒரே போர்க்கப்பலின் காவலில், பூமி என்று கேள்விப்பட்ட ஓர் இடத்தைத் தேடி ஓடுகிறார்கள். ஒரே சீசனோடு நிறுத்திவிட்டார்கள். 2003 டிசம்பரில் ரொனால்ட் மூர் அதே கதையை முதலிலிருந்து மறுபடி எழுதி ஒரு மினி தொடராகக் கொண்டுவந்தார். அது நான்கு சீசன் வளர்ந்து 2009 மார்ச்சில் முடிந்தது.

பெரியப்பா 1977-இல் மேல்படிப்புக்காக டெக்சஸ் போனவர். முதல் எபிசோடு வந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி விடுதியின் பொது அறையில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். கதை சூடு பிடித்த நேரத்தில் ஒளிபரப்பை நிறுத்திவிட்டு அதிபர் கார்ட்டரைக் காட்டினார்களாம். எகிப்தும் இஸ்ரேலும் கேம்ப் டேவிட்டில் உடன்பாட்டுக்கு வந்த நாள் அது. “உலகமே சமாதானம் ஆச்சுன்னு சந்தோஷப்பட்டுட்டு இருக்கு, நான் அடாமா என்ன ஆனார்னு தவிச்சிட்டு இருந்தேன்” என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நான் சிறுமியாக இருந்தபோது கலாக்டிகா கதையை அவர் வாயால்தான் முதலில் கேட்டேன். திருச்சி வீட்டு மொட்டைமாடியில், கரண்ட் போன ராத்திரிகளில், ஒரு எபிசோடு விடாமல் சொல்லுவார். எனக்கு முதல் கலாக்டிகா அவருடைய குரல்தான்.

2011-இல் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்காகச் சென்னைக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினார். மூன்று வாரம் வெளியே போக முடியாது. என்னிடம் புதிய தொடரின் டிவிடி முழுசாக இருந்தது. அவருக்காகவே எடுத்து வைத்திருந்தேன். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஸ்டார்பக் யாரும்மா இதுல?” என்றார். அந்த விமானி பாத்திரத்தில் நடித்த நடிகை கேட்டி சாக்கோஃப் படத்தைக் காட்டினேன். அட்டையை மேசை மேல் வைத்துவிட்டார். “இது வேண்டாம்மா. செய்தி போடு.”

இதை அவர் ஒருவர் மட்டும் சொல்லவில்லை. பழைய ஸ்டார்பக்காக நடித்த டர்க் பெனடிக்ட்டே, சுருட்டும் சீட்டாட்டமுமாகத் திரிந்த தன் பாத்திரத்தைப் பெண்ணாக மாற்றியதைக் கண்டித்துக் கோபமாக ஒரு கட்டுரை எழுதினார். ரசிகர்கள் புதிய தொடருக்கு ‘பெயரில் மட்டும் கலாக்டிகா’ என்று பட்டப்பெயரே வைத்தார்கள். அந்தக் கோபத்தை நான் மட்டமாகப் பேச மாட்டேன். இருபத்தைந்து வருஷம் ஒரு கதையை மனதில் வைத்துக் காத்திருந்தவர்களுக்கு, கதை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்று கேட்க உரிமை உண்டு. ஆனால் எனக்கும் ஒன்று உண்டு. அதுவரை நான் பார்த்த விண்வெளிக் கதைகளில் பெண்கள் பெரும்பாலும் காப்பாற்றப்படுவதற்காகவே இருந்தார்கள். இந்த ஸ்டார்பக் குடிப்பாள், அடிப்பாள், தப்புச் செய்வாள், அந்தத் தப்பைச் சுமந்துகொண்டே வைப்பர் என்ற போர் விமானத்தில் ஏறுவாள். அவளைப் பற்றி நான் பேசினால் அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வி, “உங்க அண்ணன் காட்டினாரா இந்தத் தொடரை?” எனக்கு அண்ணனே கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எது கணக்கில் சேரும், எது சேராது என்பதை எதை வைத்து முடிவு செய்வது? கதைத் தொடர்ச்சியை வைத்து என்றால், ‘கலாக்டிகா 1980’ இருக்கிறதே. அதே லார்சன், அதே அடாமாவாக அதே லார்ன் கிரீன். கப்பல் பூமிக்கே வந்துவிடும். அச்சு அசலான தொடர்ச்சி. ஆனால் பழைய ரசிகர்களிடமே கேட்டுப் பாருங்கள், அந்தப் பத்து எபிசோடைச் சேர்த்தி என்று ஒப்புக்கொள்பவர்கள் குறைவு. பெரியப்பா அதைப் பற்றிப் பேசவே மாட்டார். அப்படியானால் அவர்களும் தொடர்ச்சியை மட்டும் பார்க்கவில்லை. வேறு எதையோ தேடுகிறார்கள். அது கதையின் உயிர். அது இருந்தால் சேர்த்தி, இல்லாவிட்டால் இல்லை. அவர்கள் போட்ட கணக்கையேதான் நானும் போடுகிறேன்.

கலாக்டிகாவின் உயிர் எங்கே இருக்கிறது? என்னைக் கேட்டால் 1978-இல் வந்த அந்த முதல் ஒரு மணி நேரத்தில். ஓர் இனம் அழிகிறது, மிச்சம் இருப்பவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு கப்பல்களில் ஏறுகிறார்கள். அவ்வளவு பெரிய இழவை அதுவரை எந்தத் தொலைக்காட்சித் தொடரிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் அதே முதல் கதையிலேயே அவர்கள் ஒரு கோளில் இறங்கி சூதாட்ட விடுதிக்குப் போய்விடுகிறார்கள்! கோடிக்கணக்கானவர்கள் செத்த சாம்பல் ஆறவில்லை, இங்கே விருந்தும் ஆட்டமும். இதை நான் குறையாக மட்டும் சொல்லவில்லை. குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில் வந்த தொடர், அவர்களால் அதற்கு மேல் போக முடிந்திருக்காது.

மூர் செய்தது, அந்த முதல் ஒரு மணி நேரத்தை விட்டு நகராமல் நின்றது. மினி தொடர் முடிந்ததும் வரும் ‘33’ என்ற எபிசோடைப் பாருங்கள். 33 நிமிடத்துக்கு ஒரு தடவை சைலான்கள் வந்து தாக்குகிறார்கள். ஐந்து நாளாக யாரும் தூங்கவில்லை. அதிபர் ரோஸ்லினின் அறையில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கை. 50,298 என்று தொடங்கும். யாராவது செத்தால் அழித்துவிட்டு எழுதுவார். எதிரி ஊடுருவிவிட்ட ஒரு பயணிகள் கப்பலைத் தாங்களே சுட வேண்டி வருகிறது. அதில் 1,345 பேர் இருந்திருக்கலாம். கடைசியில் கப்பற்கூட்டத்தில் ஒரு குழந்தை பிறக்கிறது. ரோஸ்லின் போய் ஒன்றைக் கூட்டி எழுதுகிறார். 2005-இல் இந்த எபிசோடுக்கு அறிவியல் புனைகதைகளுக்கான ஹியூகோ விருது கிடைத்தது. விருதை விடுங்கள், அந்த ‘ஒன்று’க்காக நான் அழுதிருக்கிறேன்.

பெரியப்பாவை இதைப் பார்க்க வைக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. கால் வலியில் தூக்கம் வராத ஒரு ராத்திரி, “சரி, அந்த உன் சமாச்சாரத்தைப் போடு” என்றார். தலைப்பு இசை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதில் காயத்ரி மந்திரத்தைப் பாடியிருப்பார்கள். நம் காதுக்கு உடனே பிடிபடும். “இவங்க எங்க இதைப் புடிச்சாங்க?” என்றார். அதற்குப் பிறகு எபிசோடு முடியும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

முடிந்ததும் சண்டை. தகப்பனும் மகனும் இப்படியா பேசிக்கொள்வார்கள் என்பது அவருடைய பெரிய குறை. பழைய தொடரில் அடாமாவும் அப்பல்லோவும் அப்படி ஒரு பாசமான அப்பா மகன். தம்பி ஸாக் முதல் கதையிலேயே சைலான்களிடம் மாட்டிச் சாகிறான். தங்கள் கப்பற்படையை எச்சரிக்க வேண்டிய அவசரத்தில் அப்பல்லோ அவனை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். புதியதில் ஸாக் போருக்கு முன்பே விபத்தில் செத்துப்போனவன். பறக்கத் தகுதியில்லாதவனைத் தேர்ச்சி பெற வைத்தவள் ஸ்டார்பக், அவனைக் காதலித்ததால். விமானியாகச் சொல்லித் தள்ளியவர் அப்பா என்று அண்ணனுக்கு ஆறாத கோபம். “அதே பேர், அதே சாவு பெரியப்பா. ஆனா இதுல சாவு வீட்டுக்குள்ளயே இருக்கு” என்றேன். “எனக்கு வேண்டியது அந்த அப்பா பிள்ளைம்மா” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. அந்தப் பாசம் புதியதில் இல்லாதது இழப்புதான்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று திட்டினாலும் பரவாயில்லை. பெரியப்பா டெக்சஸில் இருந்தபோது மோனோகிராம் நிறுவனத்தின் வைப்பர் மாடல் கிட் ஒன்றை வாங்கி, ஒவ்வொரு துண்டாக ஒட்டி, வண்ணம் அடித்து, ஊருக்குக் கொண்டுவந்து கண்ணாடி அலமாரியில் முப்பது வருஷத்துக்கு மேல் வைத்திருந்தார். அவர் இங்கே கால் கட்டோடு படுத்திருந்த நேரத்தில் திருச்சி வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். சாமான்களை ஒதுக்கிய உறவினர் ஒருவர் அதை ஒரு குழந்தையிடம் விளையாடக் கொடுத்துவிட்டார். இறக்கை இரண்டாக உடைந்தது. கேட்டதற்கு “விளையாட்டுச் சாமான்தானே, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு?” என்று பதில். அவர் அந்த உறவினரிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. நான் பேசினேன், இரண்டு வருஷம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஒருவர் எதைப் பத்திரமாக வைத்திருக்கிறாரோ அதற்கு மதிப்புப் போட நாம் யார்? 2009 மார்ச்சில் ஐ.நா. தலைமையகத்தில் மூரையும் நடிகர்களையும் கூப்பிட்டு மனித உரிமை, பயங்கரவாதம் பற்றியெல்லாம் இந்தத் தொடரை வைத்துப் பேச வைத்தார்கள். அது விளையாட்டுச் சாமானாம்.

அப்புறம், பெரியப்பாவை மாற்றியது என் வாதம் எதுவும் இல்லை. ரிச்சர்ட் ஹேட்ச்.

ஹேட்ச்தான் 1978-இன் அப்பல்லோ. பழைய தொடரைத் தொடர வைக்க அவரைப் போலப் போராடியவர் யாரும் இல்லை. நாவல்கள் எழுதினார். 1999-இல் தன் கைக்காசைப் போட்டு ஒரு முன்னோட்டப் படமே எடுத்து ரசிகர் கூட்டங்களில் காட்டினார். கிடைத்தது ரீபூட். அவர் எவ்வளவு நொந்திருப்பார்! 2003-இல் நடந்த வெள்ளிவிழா ரசிகர் மாநாட்டுக்கு மூர் நேரில் போய் அந்தக் கூட்டத்தின் கோபத்தை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு ஹேட்ச் புதிய தொடரில் நடிக்க ஒப்புக்கொண்டார். அப்பல்லோவாக இல்லை, டாம் ஸாரெக் என்ற அரசியல் கைதியாக.

முதல் சீசனின் மூன்றாவது எபிசோடு. சிறைக் கப்பலுக்குப் புதிய அப்பல்லோ வருகிறான். எதிரே ஸாரெக். பெரியப்பாவிடம் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்த முகம் வந்ததும், “நிறுத்து, நிறுத்து” என்றார். நிறுத்தினேன். ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “வயசாயிடுச்சே இவனுக்கு” என்றார். அப்பல்லோ என்ற பெயரைப் பற்றி ஸாரெக் அந்தப் பையனிடம் பேசும் இடத்தை மூன்று தடவை போடச் சொன்னார். “இவனே வந்துட்டான். அப்புறம் நான் என்னத்த சொல்றது?”

கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: ஒரு நடிகர் சம்பளத்துக்கு நடித்ததால் தொடர் அசலாகிவிடுமா என்று கேட்பீர்கள். ஆகாது. ஆனால் அத்தனை வருஷம் எதிர்த்து நின்றவர் உள்ளே வந்து, நான்காவது சீசன் வரை அந்தப் பாத்திரத்தை உயிரைக் கொடுத்துச் செய்தார் என்பதையும் சேர்த்து எடை போடுங்கள். கடைசி சீசன் சொதப்பல் என்பீர்கள். சில இடங்களில் எனக்கும் வருத்தம் உண்டு. அது வேறு கேள்வி.

பெரியப்பா ஊருக்குப் போகும்போது டிவிடிகளைப் பையில் வைத்துக் கொடுத்தேன். இன்று வரை அவர் அதைக் கலாக்டிகா என்று சொன்னதில்லை. ‘உன் கலாக்டிகா’ என்பார். நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு போன். கடைசி எபிசோடு பார்த்து முடித்திருந்தார். இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள். கப்பற்கூட்டம் சூரியனை நோக்கிப் போகும் இடத்தில், ஸ்டூ ஃபிலிப்ஸ் 1978-இல் போட்ட அந்தப் பழைய இசை வரும். “கேட்டியா, கேட்டியா” என்று மட்டும் சொன்னார். பிறகு போனை டிவி பக்கத்தில் பிடித்துக்கொண்டு அந்த இடத்தை மறுபடி ஓட விட்டார். இசையோடு சேர்த்து அவர் முணுமுணுப்பதும் கேட்டது.