டிரெயின் போல்ட் மழுங்கிவிட்டதா? என்ஜினைப் பிரிக்க விடாதீர்கள்

கேள்வி: ஆயில் மாற்றும்போது என் ஸ்ப்ளெண்டர் பைக்கின் டிரெயின் போல்ட் (பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்) தலை மழுங்கிவிட்டது. ஸ்பேனர் வழுக்குகிறது. என்ஜின் கேஸையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. போயிருப்பதாகத் தெரிவது போல்ட்டின் தலை மட்டும்தான். போல்ட் வெளியே வராமல் கேஸின் மரையைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. பிரித்துப் போட்ட என்ஜினை வைத்து உங்களிடம் பேரம் பேசுவார்கள். சம்மதிக்காதீர்கள்.

முதலில் திசையைப் பாருங்கள். போல்ட் அடியில் இருக்கிறது. தலைக்கு நேராகப் பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்ப வேண்டும். மேலிருந்து குனிந்து பார்ப்பவருக்கு அதே திருப்பம் முள் ஓடும் திசையாகத் தெரியும். கழற்றுவதாக நினைத்து இறுக்கியே பல தலைகள் மழுங்குகின்றன.

சரி, வேலைக்கு வருவோம். என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சூட்டில் அலுமினிய கேஸ் இரும்பு போல்ட்டைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். ஆயில் சுடும், கை பத்திரம். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர் வேண்டாம். ஆறு பட்டை 17 எம்எம் சாக்கெட்டை லேசாகத் தட்டி ஏற்றித் திருப்புங்கள். வழுக்கினால், எதிரெதிரான இரண்டு பக்கங்களை அரத்தால் ராவி 16 எம்எம் ஸ்பேனர் இறுகப் பிடிக்கும்படி செய்யுங்கள். பெரும்பாலும் இதிலேயே வந்துவிடும்.

வராவிட்டால் தலைமேல் ஒரு நட்டை வெல்டிங் வைக்கலாம். அதற்குமுன் ஆயில் ஊற்றும் துளை வழியாக டியூபும் சிரிஞ்சும் வைத்து முடிந்தவரை ஆயிலை உறிஞ்சி எடுத்து, பேட்டரி ஒயர்களையும் பெட்ரோல் டேங்கையும் கழற்றிவிட வேண்டும். இதைத் தெரிந்த பட்டறையில் மட்டும் செய்யுங்கள்.

துளை போட்டு எக்ஸ்ட்ராக்டர் (ஒடிந்த போல்ட்டை உள்ளிருந்து கவ்வித் திருப்பி எடுக்கும் கருவி) விடுகிறேன் என்று வருபவரைத் தடுத்துவிடுங்கள். தலை முழுதாக ஒடிந்து, தண்டு மட்டும் உள்ளே நிற்கும்போதுதான் அது தேவை. அப்போதும் துளை நட்டநடுவில் விழ வேண்டும். எக்ஸ்ட்ராக்டர் கடின எஃகு. உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடக்கூட முடியாது. துளை போட்ட தூள் வேறு என்ஜினுக்குள் போகும். உங்கள் போல்ட்டுக்கு இன்னும் தலை இருக்கிறதே, எதற்கு இந்த வேலை?

இறுக்க அளவு கம்பெனி கையேட்டிலேயே இருக்கிறது. ஆனாலும் அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்சைத் தொடாமல் நீளக் கம்பி மாட்டி இறுக்கி அனுப்புகிறார்கள், கேட்பார் இல்லை. கழன்றதும் புது போல்ட், புது வாஷர் வாங்கி, முதல் சில சுற்றுகளை விரலாலேயே ஏற்றுங்கள்.