பில்லிங் கவுண்டர்ல இருந்து மேனேஜர் ஆக ரெண்டு வருஷப் படிப்பு போதுமா?

கேள்வி: அக்கா, பிளஸ் டூ முடிச்சிட்டு சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்ல பில்லிங்ல இருக்கேன். மேனேஜர் ஆகணும்னு ஆசை. கலிஃபோர்னியாவுல இருக்கிற மாமா, அங்க ரெண்டு வருஷ காலேஜ் முடிச்சே கடைய நடத்துறாங்க, நீயும் வேலைய விட்டுட்டு ரீடெய்ல் டிப்ளமோ சேருங்கறார். சேரலாமா?
- பெயர் வேண்டாம், நாகலூர், ஏற்காடு

பதில்: தாராளமா படி கண்ணு, ஆனா வேலைய மட்டும் விட்டுடாத. மாமா சொல்றது நிஜம்தான், அங்க கம்யூனிட்டி காலேஜ்னு ரெண்டு வருஷ காலேஜ் இருக்கு, வெஸ்டர்ன் அசோசியேஷன் ஆஃப் ஃபுட் செயின்ஸ்னு மளிகைக் கடைக்காரங்க சங்கம் ஒண்ணு ரீடெய்ல் மேனேஜ்மென்ட் சர்டிபிகேட்டே அந்தக் காலேஜ்ங்க மூலமாத்தான் குடுக்குது, அக்கவுன்ட்ஸ், மார்க்கெட்டிங், ஆளுங்கள நடத்துறதுன்னு பாடம். ஆனா அது கடையில ஏற்கனவே வேலை பாக்குறவங்கள மேல கொண்டு வரணும்னே போட்ட படிப்பு. வேலைய விட்டுட்டுப் படிக்கச் சொல்லி இல்ல.

ஏன்னா படிப்புல வர்ற ஒவ்வொரு கணக்கும் உன் கடையிலயே இருக்கு. 95 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விக்கிற எண்ணெய் பாக்கெட் ஒண்ணு காணாமப்போச்சுன்னு வை, அந்த 95 ரூபாய எடுக்க இன்னும் 19 பாக்கெட் வித்தாகணும், அப்பதான் ஸ்டாக் எடுக்கிறப்ப ஃப்ளோர் மேனேஜர் ஏன் அப்படிக் கத்துறார்னு புரியும். அதே மாதிரி 80க்கு வாங்கி 100க்கு வித்தா லாபம் 20 சதவீதமா 25ஆ? வித்த விலைக்கு 20, வாங்கின விலைக்கு 25. வருஷக்கணக்கா கடையில இருக்கிறவங்களே இதுல தடுமாறுறாங்க, இதத்தான் கிளாஸ்ல தெளிவாக்குவாங்க.

சேர்றதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்கோ. நிறைய கடையில மேனேஜர் போஸ்ட்டுக்கு டிகிரி கேக்குறாங்க, அதனால ரெண்டு வருஷத்தோட நின்னுபோற படிப்பு வேண்டாம். யுஜிசியோட (பல்கலைக்கழக மானியக் குழு) பி.வோக்னு தொழிற்படிப்பு டிகிரி ஒண்ணு இருக்கு, அது மாதிரின்னா ஒரு வருஷத்துக்கு டிப்ளமோ, ரெண்டு வருஷத்துக்கு அட்வான்ஸ்ட் டிப்ளமோ, மூணாவது வருஷமும் முடிச்சா டிகிரியே வந்துடும். தபால் வழின்னா யுஜிசி அனுமதி இருக்கான்னு பாத்துட்டு அப்புறமா ஃபீஸ் கட்டு.

சட்டமும் தெரிஞ்சு வச்சுக்கோம்மா, கடையில நிக்கிறவங்களுக்கு உட்கார சீட் குடுக்கணும்னு தமிழ்நாட்டுல 2021லயே சட்டத் திருத்தம் வந்தாச்சு, நீ மேனேஜரானா அத முதல்ல செய்யி, நின்னு நின்னு கால் வீங்குன பிள்ளைங்கள நான் நிறைய பாத்துட்டேன்.

இப்போதைக்கு உன் மேனேஜர்கிட்ட காலேஜ் நேரத்துக்குத் தோதா ஒரே ஷிஃப்ட்டா கேளு, கேக்கும்போதே மலைக்குக் கடைசி பஸ் நேரத்தையும் சொல்லிடு.