கருவாட்டுப் பெட்டியும் கடைசி ரிவ்யூவும்: கேள்வி பதில்

இறுதியாண்டு இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ நெருங்குது. கேள்வியைப் போடுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். மெஷின் டிசைன் பாடம் எடுத்தே தலை நரைச்சவன் நான். இப்ப மண்டபத்துல வீட்டோட இருக்கேன், வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்குக் கூப்பிட்டா எக்ஸ்டர்னலா, வெளியிலேர்ந்து வர்ற தேர்வாளராப் போவேன். சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட் என் ஏரியா இல்லை, அதை என்கிட்டக் கேக்காதீங்க.

பரமக்குடி, மெக்கானிக்கல்: சார், எக்ஸ்டர்னல் அசந்து போற மாதிரி ஒரு டாபிக் சொல்லுங்க.

மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள எத்தனை டீம் முடியும்னுதான் எக்ஸ்டர்னல் பார்ப்பார், தம்பி. அவரை விடுங்க. உங்க ஊர்ல தெருவுக்குத் தெரு தறி இருக்கு. ஒரு நாள் முழுக்கத் தறிக்குழியில காலை விட்டு உக்காந்து பாருங்க. சாயந்தரம் எங்க வலிக்குதோ, அதுதான் டாபிக்.

கீழக்கரை, மெக்கானிக்கல், நாலு பேர் டீம்: மீன் காயவைக்கிற சோலார் பெட்டி செஞ்சிருக்கோம், 10 கிலோ கொள்ளளவு, கண்ணாடி 1 சதுர மீட்டர். டிசைன் சாப்டர்ல கணக்கே இல்லைன்னு கைடு திருப்பி அனுப்பிட்டார். என்ன எழுதணும் சார்?

உங்க கைடு நல்லவர்மா. பெட்டியைச் செஞ்சு முடிச்சிட்டுக் கணக்குத் தேடுறீங்க. பரவாயில்லை, இப்பவாச்சும் போடுவோம்.

10 கிலோ மீன்ல ஈரம் 75 சதவீதம்னு வைங்க. மிச்சம் 2.5 கிலோ. கருவாட்டுல ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கணும்னா, அந்த 2.5 கிலோ 80 சதவீதமா நிக்கணும். அப்ப கருவாடு 3.1 கிலோ வரும், பெட்டி வெளியேத்த வேண்டிய தண்ணி 6.9 கிலோ. ஒரு கிலோ தண்ணி ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் வேணும். பெருக்கினா 16,500 சொச்சம். ஒரு யூனிட்டுக்கு 3,600 கிலோஜூல், அப்ப 4.6 யூனிட். நம்ம கரையில நல்ல வெயில் நாள்ல சதுர மீட்டருக்கு 5 யூனிட்னு எடுத்துக்கலாம். உங்க பெட்டி அதுல கால்வாசியை உருப்படியாப் பிடிச்சா 1.25 யூனிட். ஒரே நாள்ல காயணும்னா 3.7 சதுர மீட்டர் கண்ணாடி கேக்குது. நீங்க போட்டிருக்கிறது 1. அப்படின்னா நாலு நாள் ஆகும், அதுக்குள்ள மீன் நாறிரும்.

கண்ணாடி ஏன் 1 சதுர மீட்டர்? கடையில அந்த அளவுதான் கிடைச்சதுன்னா அதையே எழுதுங்க, வெக்கப்படாதீங்க. கொள்ளளவை 10-ல இருந்து 2.5 கிலோவாக் குறைச்சு, ஏன் குறைச்சோம்னும் எழுதுங்க. உப்புல போட்ட மீன்னா முதல்லயே கொஞ்சம் தண்ணி இறங்கிரும், கணக்கு மாறும். அதையும் ரெண்டு வரி சொல்லுங்க. ரிப்போர்ட்ல இருக்கிற ஒவ்வொரு எண்ணையும் தொட்டு “இது எங்கேர்ந்து வந்துச்சு?”னு கேட்டா நாலு பேர்ல யாராவது ஒருத்தர் பதில் சொல்லணும். அவ்வளவுதான் டிசைன் சாப்டர்.

பெட்டிக்குள்ள 70 டிகிரி வருதுன்னு படம் போட்டுப் பெருமைப்படாதீங்க. அந்தச் சூட்டுல மீன் வெந்துரும். மேல்தோலும் இறுகிப்போய் உள்ளே ஈரம் சிக்கிக்கும். காத்துப்போக்கியைத் திறந்து 50 டிகிரி பக்கத்துல நிறுத்துங்க.

முக்கியமானது தராசு. மணிக்கொரு தரம் தட்டை எடுத்து நிறுத்து எழுதணும். எடை இறங்குற அந்த ஒரு கோடுதான் உங்க ரிப்போர்ட்டோட உயிர். அதை முதல்ல எழுதுங்க, முன்னுரையைக் கடைசியா. உலக வெப்பமயமாதல்ல ஆரம்பிக்கிற முன்னுரையைப் பார்த்தா நான் பக்கத்தைத் தள்ளிருவேன்.

இன்னொண்ணு, ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் கிடைக்கும், ஆனா விலை எகிறும். சோதனையை அதுக்கு முன்னாடி முடிச்சிருங்க.

திருவாடானை, இ.சி.இ: ரிப்போர்ட் ஃபார்மட் அனுப்புங்க சார், எழுத்து எத்தனை சைஸ்?

உங்க துறை அலுவலகத்துல கேளுங்க.

தங்கச்சிமடம், மெக்கானிக்கல்: எங்க மெஷினுக்கு ஃப்ரேம் ஜி.ஐ-யா (துத்தநாகம் பூசின இரும்பு), எஸ்.எஸ்-ஸா (துருப்பிடிக்காத எஃகு)?

எங்க நிக்கப் போகுதுன்னு சொல்லலையே தம்பி. கடல்ல இருந்து கூப்பிடு தூரம்னா ஜி.ஐ-யில வெல்டு வச்ச இடம் முதல்ல துருப்பிடிக்கும். சூட்டுல துத்தநாகம் போயிருமில்ல, அதான். எஸ்.எஸ்-லயும் 304-ங்கிற ரகம் போட்டா உப்புக்காத்துல புள்ளி புள்ளியா அரிக்கும். 316-ல மாலிப்டினம் இருக்கிறதால தாங்கும், விலையும் கூட.

ஆனா ரிவெட்டையும் போல்ட்டையும் மறந்துட்டுத் தகட்டைப் பத்தி மட்டும் பேசுறீங்க. என் சொந்த ப்ராஜெக்ட் காத்தாடி பம்பு. எஸ்.எஸ் தகட்டுல அலுமினிய ரிவெட் அடிச்சுக் கரையில நிறுத்தினோம். நாலு மாசம் கழிச்சுப் போய்ப் பார்த்தா தகடு கண்ணாடி மாதிரி மின்னுது, ரிவெட் இருந்த இடத்துல வெள்ளை மாவு. ரெண்டு உலோகமும் உப்புத்தண்ணியில சேர்ந்தா அலுமினியம்தான் கரையும். அதுவும் சின்ன ரிவெட்டைச் சுத்திப் பெரிய எஸ்.எஸ் தகடுன்னா சீக்கிரமே தீர்ந்துரும். இந்த ஊர்ல செய்யுற எந்த ப்ராஜெக்ட்லயும் உப்புக்காத்துக்குன்னு ஒரு பக்கம் இருக்கணும். இல்லைன்னா வைவாவுல நான் கேக்கிற முதல் கேள்வி அதுதான்.

ராமநாதபுரம், சிவில்: புதுப் பாம்பன் பாலத்தை டிசைன் ப்ராஜெக்டா எடுக்கலாமா?

1914-ல திறந்த பழைய பாலத்துல நடுப்பாகம் ரெண்டு இறக்கையா மேலே விரிஞ்சுச்சு. 2025 ஏப்ரல் 6-ல திறந்த புதுசுல 72.5 மீட்டர் நீளப் பாகம் அப்படியே 17 மீட்டர் மேலே போகும். ஒரு செமஸ்டர்ல இது முழுசையும் நீங்க டிசைன் பண்ண முடியாது. படத்தைப் பார்த்து வரைஞ்சிட்டு டிசைன்னு பேர் வைப்பீங்க. ஒரே ஒரு விஷயத்தை எடுங்க. தூக்குற பாகத்தோட எடையை எதிரெடை சமன் பண்ணிருது, மோட்டாருக்கு மிச்சமிருக்கிறது உராய்வும் காத்தும்தான். காத்து கூடக் கூட மோட்டார் சுமை எப்படி ஏறுதுன்னு பார்த்தாலே 40 பக்கம் தேறும். உப்புக்காத்து இரும்பை என்ன செய்யும்னு மேலே தங்கச்சிமடத்துக்குச் சொல்லியிருக்கேன், படிங்க.

முதுகுளத்தூர்: நல்ல டாபிக் சொல்லுங்க சார்.

பரமக்குடிக்குச் சொன்னதுதான். தறி இல்லைன்னா மிளகாய்க் களம்.

பேர் வேண்டாம்: ப்ராஜெக்டை மதுரையில ரெடிமேடா வாங்கிக்கலாமா? எல்லாரும் வாங்குறாங்க.

வாங்குங்க. போன வருஷம் ஒரே மெஷின் மூணு கல்லூரியில எனக்கு வணக்கம் சொல்லுச்சு.

மண்டபம், கருவாட்டு வாடி (மீன் காயவைக்கிற களம்) வச்சிருக்கவங்க: நான் படிக்கிற பிள்ளை இல்லை சார். மகன் போன்ல பார்த்தேன். எல்லாரும் பத்துக் கிலோ, ரெண்டரைக் கிலோங்கிறீங்க. நல்லாப் பட்ட அன்னிக்கு எங்க வாடிக்கு நெத்திலி நானூறு கிலோ வரும். வலையை விரிச்சுக் கொட்டினா சாயந்தரம் அள்ளிருவேன். முந்தி ஒரு தடவை பிள்ளைக பெட்டி கொண்டாந்து வச்சு போட்டோ எடுத்துட்டுப் போச்சுக. இப்ப அதுக்குள்ள கோழி அடையுது.

வாங்கக்கா. மணல் ஒட்டாத கருவாட்டுக்கு விலை கூடக் கிடைக்குமில்ல? பெட்டிக்கு அதுதான் வேலை.

அதே அக்கா: நான் வலை மேலதான் போடுறேன். மணல் பறக்கிறது கச்சான் காத்து அடிக்கையிலதான். அதுக்கு ஒரு தார்ப்பாய் மறைப்பு போதும், பெட்டி எதுக்கு?

என் கணக்கையே போட்டுப் பார்த்தேன். 400 கிலோவுக்கு 148 சதுர மீட்டர் கண்ணாடி, மூணரை சென்ட்டுக்கு மேல. கரைமணலுக்கு வாடகை இல்லை. இதுல நீங்க ஜெயிச்சீங்க.

ராமேஸ்வரம், மீன் வியாபாரம்: ஐப்பசி, கார்த்திகையில மழை பிடிச்சா மீன் காயாம கோழித்தீவனத்துக்குப் போகுதே. அப்ப பெட்டி வேணும்தானே?

வாடி அக்கா: மழையில வெயிலே இல்லை. சூரியப் பெட்டி என்ன செய்யும்?

கீழக்கரை டீம்: சீமைக்கருவேல விறகு எரிச்சு சூடு கொடுக்கலாமா சார்?

வாடி அக்கா: புகை வாடை அடிச்சா வியாபாரி தொட மாட்டார்.

புகை ஒரு குழாய்க்குள்ள போகட்டும், காத்து அந்தக் குழாய்க்கு வெளியே சூடாகட்டும். ரெண்டும் கலக்காது. ஆனா அது 400 கிலோவுக்குத் தனி ப்ராஜெக்ட், இந்த வருஷம் முடியாது. அக்கா, உங்களுக்கு உண்மையிலேயே தொல்லை எங்க?

வாடி அக்கா: பெரிய மீன்தான். சாயந்தரம் பாதி காஞ்சதை அள்ளி வச்சா ராத்திரி நீர் கட்டிருது. விடிஞ்சு பார்த்தா பிசுபிசுன்னு இருக்கு, மறுபடி முதல்ல இருந்து.

இதை எந்த ரிப்போர்ட்லயும் நான் பார்த்ததில்லை. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானாவே தண்ணியை இழுக்கும். கரையில ராத்திரி சர்வசாதாரணமாத் தாண்டும். உப்புப் போட்ட மீன்னா கேக்கவே வேண்டாம்.

கீழக்கரைப் பிள்ளைகளா, பெட்டியை உடைக்க வேண்டாம். தலைப்பை மாத்துங்க. ரெண்டரைக் கிலோ பாதி காஞ்ச மீனைப் பெட்டிக்குள்ள மூடி வைங்க, அதே அளவு மீனைச் சாக்கு போத்தி வெளியே வைங்க. ராத்திரி எவ்வளவு எடை ஏறுது? ரெண்டு கோடு, ஒரே கிராஃப். நான் மேலே எழுதின கொள்ளளவுக் கணக்கு பின்னிணைப்புக்குப் போகட்டும்.

தொண்டி: வைவாவுல இங்கிலீஷ்ல பேசணுமா? எனக்கு வராது.

மனப்பாடம் பண்ணினதை எந்த மொழியில சொன்னாலும் தெரிஞ்சிரும். தமிழ்ல சொல்லவான்னு கேளுங்க, பெரும்பாலும் சரின்னுதான் சொல்வோம். பத்து நிமிஷத்துக்கு எட்டு ஸ்லைடு போதும். மெஷின் ஓடுற வீடியோவைப் போன்ல வச்சிருங்க, அன்னிக்குன்னு பார்த்து அது ஓடாது. உடைஞ்ச பாகம் இருந்தா மேசையில வைங்க. எந்த ஸ்லைடையும் விட நான் அதைத்தான் எடுத்துப் பார்ப்பேன்.

சாயல்குடி: சார் டாபிக்...

மேலே பாருங்க தம்பி.

வாடி அக்கா: அந்தப் பிள்ளைகளை வரச் சொல்லுங்க. ரெண்டரைக் கிலோ மீன் நான் தர்றேன். ஆனா விடியக்காலம் அஞ்சு மணிக்கு வாடியில நிக்கணும்.

கீழக்கரை டீம்: அஞ்சு மணிக்கு வர்ற மாதிரி பஸ் இல்லையே சார்?

முதல் நாள் சாயந்தரமே வந்து எங்க வீட்டுல தங்கிக்கங்க. தராசை மறந்துறாதீங்க.